சாயங்கால விலை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து, 'கோவில்பதாகையில் ஒரு மாலைப்பொழுது, இளங்காற்று' என்று தொடங்கிப் பார்த்தேன். காற்றே இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. [அடித்துவிட்டேன்.]

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர் திருவேங்கடம். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விடுகிறவர். சாயங்காலம் கரண்டு போனது. மெஷின் நின்றது, லிஃப்டும் நின்றது. நானும் எதிர்வீட்டு மோகனப்பிரியாவும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படியிறக்கினோம். உதடு நீலம் பாரித்திருந்தது.

2

மின்சாரச் சந்தையின் மொத்த விலை எந்த மண்டலத்தில், எந்த நேரத்தில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் மோகனப்பிரியாவின் வேலை. (கட்டுரை மாதிரி ஆகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், விவரம் தெரியாமல் கோபப்பட முடியாது.) நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும், விலை விழும். பொழுது சாய்ந்தால் ஏறும். வடக்கிலிருந்து வரும் மின்பாதை நிரம்பிவிட்டால் தெற்கில் மட்டும் உச்சத்தைத் தொடும். இதுவரை இயல்பு. ஆனால் அந்த மாலைகளில் மட்டும், ஒரே முதலாளியின் இரண்டு மின்நிலையங்களில் ஒன்று 'ரிப்பேர்' ஆகிவிடும். மற்றது உச்ச விலைக்கு விற்கும், அந்த விலைக்கு வாங்காத இடத்தில் கரண்டு போகும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் இதைச் சொன்னபோது, திருவேங்கடத்தின் மனைவி எல்லம்மா கேட்டார்:

"அப்போ கரண்டு இல்லாம இல்ல. வச்சிகினே தரல. அதானே?"

"அப்படித்தான்மா தெரியுது."

3

மறுநாள் மோகனப்பிரியா அதை அப்படியே அலுவலக அறிக்கையில் எழுதினாள். அந்த முதலாளி நம் வாடிக்கையாளர், 'தட்டுப்பாடு' என்று மாற்று என்றார் மேலாளர் ஹேமநாதன். அவள் மாற்றவில்லை, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கே புகார் அனுப்பினாள். வேலை போயிற்று.

ஹேமநாதனுக்குக் கொஞ்சம் மனசாட்சி கொடுக்கலாமென்று, 'அன்றிரவு அவர் புரண்டு புரண்டு

வேண்டாம். நன்றாகத்தான் தூங்கியிருப்பார்.

4

முதல் வரைவில் திருவேங்கடம் இறந்துபோனார். கதைக்கு வலு சேரும் என்று நினைத்தேன். எல்லம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"உன் கதைக்கோசரம் என் ஊட்டுக்காரர சாவடிக்காத நைனா. செத்தாத்தான் கேப்பாங்களா? மூச்சு முட்னா கேக்க மாட்டாங்களா?"

அவர் உயிரோடு இருக்கிறார். எழுந்து நடப்பதில்லை.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ஆணையம் அபராதம் போட்டது. படிக்க எனக்கே ஆறுதலாக இருந்தது, கிழித்துப்போட்டேன். இன்னொன்றில் மோகனப்பிரியா சொந்த ஊருக்குத் திரும்பினாள். படித்துவிட்டு, நான் எங்கும் போகவில்லை என்றாள்.

புகாருக்குப் பதில் வரவில்லை. நேற்று மாலையும் தெற்கில் விலை உச்சத்தில். முடிவு வேண்டுமென்றால் ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். எல்லம்மா கேட்டுவிட்டார்.