கோதாரிச் சில்லு

மாப்பிள்ளை தாலி கட்டிய அந்த அரை நிமிடத்தில் நிமலினி ஏழு படங்கள் எடுத்தாள். ஏழும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தன.

கரவெட்டியில் கஜானியின் கல்யாணம்; படம் எடுக்க நிமலினியைப் பிடித்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் சொந்தக்காரர் அத்தனை பேரும் கைபேசியோடு மணவறையை மொய்த்துக்கொள்ள, நிமலினி கமெராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீடியோக்காரரின் விளக்கு கண்ணில் அடித்ததால் திரையும் வடிவாகத் தெரியவில்லை. சனம் சற்று விலகியதும் கமெராவை இறக்கிப் பார்த்தாள். கஜானிக்கு நெற்றியும் இல்லை, மூக்கும் இல்லை. இரண்டு கண்ணும் ஒரு பொட்டும் மட்டும் வெள்ளைக்குள் மிதந்தன.

பெரிய கமெராவைத் தூக்கித் தூக்கிக் கழுத்து நோகிறதென்றுதான் போன வருடம் இந்தக் கையடக்கமான சின்னதை வாங்கியிருந்தாள். எல்லாம் நல்லதுதான். ஆனால் வலது பெருவிரல் படுகிற மூலையில் ஒரு சின்னச் சில்லு இருந்தது. நடுவில் பூச்சியம். ஒரு பக்கம் திருப்பினால் படம் வெளிச்சமாகும், மறுபக்கம் திருப்பினால் இருளும். கல்யாணத்துக்குப் புறப்படும்போது அதைப் பூச்சியத்தில் வைத்தது அவளுக்கு நல்ல நினைவு. இப்போது அது வெளிச்சப் பக்கம் இரண்டில் நின்றது.

எட்டாவது படத்துக்குச் சில்லைத் திருப்பிவிட்டு எடுத்தாள். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் வைத்துக் கேட்டாள். "நீங்கள் தொட்டனீங்களோ?"

அவள் கணவன் ஜொனதனுக்கு வங்கியில் வேலை. சனி ஞாயிறுகளில் அவளோடு வந்து விளக்குப் பிடிப்பான், பைகள் தூக்குவான். "எதை?"

"அந்தச் சில்லை."

"நான் ஏன் தொடுறன்?"

"காலமை பையிலையிருந்து எடுத்துத் தந்தது நீங்கள்தானே?"

"எடுத்துத் தந்தா திருப்பினதெண்டு அர்த்தமோ?"

அர்த்தமென்றுதான் நிமலினி நினைத்தாள். வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த கிழமை இணுவிலில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. நல்ல வெயில் நேரத்தில் எடுத்த படங்களில் பொழுதுபட்டுப் போயிருந்தது. சில்லு இருட்டுப் பக்கம் ஒன்றரையில். ஜொனதனை அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அப்படியேதான் நின்றான். விளக்கை ஒரு கதிரையில் கட்டிவிட்டு, நூதனசாலையில் பழம்பொருள் பார்க்க வந்தவனைப்போலத் தள்ளி நின்றான். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சில்லின்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டிப் பார்த்தாள். சித்திரை வெக்கையில் பசை இளகி, நாடா அவள் பெருவிரலோடு வந்தது. றப்பர் வளையம் போட்டாள். அது அறுந்து கொடிகாமத்தில் ஒரு கடைத் திறப்புவிழாவில் பிரதம விருந்தினரின் மடியில் விழுந்தது. கடைசியில் ஒரு நாள் கமெராவின் அமைப்புகளுக்குள் புகுந்து தேடியபோது 'பூட்டு' என்று ஒன்று கண்ணில் பட்டது. எந்தெந்தச் சில்லு, எந்தெந்தப் பொத்தான் என்று அது பட்டியல் போட்டுக் கேட்டது. ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டாள். இனி எவன் தொட்டாலும் ஒன்றும் அசையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜொனதனின் சித்தப்பா மகள் றொசாந்திக்குத் தேவாலயத்தில் கல்யாணம். உள்ளே வெளிச்சம் குறைவு. நிமலினி இருட்டுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் கையால் அமைத்தாள். சோதனைக்கு இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டைப் போட்டாள். ஆராதனை முடியும்வரை ஒவ்வொரு படமும் அச்சாப் படம். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டார்கள்.

பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். வெளியே பதினொரு மணி வெயில். படிக்கட்டில் குடும்பம் முழுவதும் வரிசையாக ஏறி நின்றது. நிமலினி ஒரு படம் எடுத்தாள். முழு வெள்ளை. சில்லைத் திருப்பினாள். அசையவில்லை. அடுத்ததையும் திருப்பினாள். திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் தோன்றி மறைந்தது. திறப்பது எப்படியென்று அவள் பார்த்து வைக்கவே இல்லை.

"என்ன பிள்ளை, வெயில் சுடுது" என்றார் படியில் நின்ற துரைராஜா மாமா. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவர். "பற்றறியைக் கழட்டிப் போட்டுப் பாருமன்."

கழற்றிப் போட்டாள். பூட்டு அப்படியே இருந்தது.

"லென்ஸ் மூடி கழட்டினதோ?" என்றார் இன்னொருவர்.

"கழட்டினது, அங்கிள்."

"என்ரை போனிலை எண்டா இந்தப் பிரச்சினை இல்லை" என்றது ஒரு குரல். போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். றொசாந்தியின் முகத்தில் பூசிய பவுடர் கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. நிமலினிக்கு விசர் வந்தது. கமெராவைக் கிணற்றுக்குள் எறிந்தால் என்ன என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஜொனதன் மெல்லச் சொன்னான். "நடுப் பொத்தானை அமத்திப் பிடியும். ஐஞ்சு செக்கன்."

அமத்தினாள். பூட்டுத் திறந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பழி என்னிலை விழுந்தாப்பிறகு கமெராப் புத்தகத்தை இருந்து வாசிச்சனான்."

நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது வேறு. எந்தப் பொத்தான் எதற்கென்று இவ்வளவு தெரிந்தவன், தெரியாமலா அந்தச் சில்லைத் திருப்பியிருப்பான்? விருந்தில் வைத்து மாமியாரின் தங்கையிடமும் அவனைக் குறை சொல்லிவிட்டாள். "சின்னம்மா, உவருக்கு ஒரு கமெராவை ஒழுங்காத் தூக்கித் தரத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை றொசாந்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். விருந்தில் கேக் வெட்டியதை யாரோ கைபேசியில் எடுத்தது. பொண்ணுக்குப் பின்னால், ஓரத்தில், நிமலினியும் இருந்தாள். ஒரு படம் எடுப்பாள், கமெராவைத் தோள் வாரில் தொங்க விடுவாள், அது வலது இடுப்பில் போய் விழும். அந்த இடத்தில் அவள் பற்றறிகள் வைக்கிற இடுப்புப் பை. பையை மூடுகிற சிப்பு, கமெராவின் மூலையில் சரியாகச் சில்லுக்கு நேரே. அவள் நடக்க, சிப்பு சில்லை முன்னும் பின்னுமாக உரசியது.

நிமலினி வீடியோவை நான்கு தரம் பார்த்தாள். பிறகு எழுந்து இடுப்புப் பையைக் கட்டினாள். சில்லைப் பூச்சியத்தில் வைத்துக் கமெராவைத் தொங்கவிட்டு, குசினியிலிருந்து வாசல் படலை வரை நடந்து திரும்பி வந்தாள். வெளிச்சப் பக்கம் ஒன்று. திரும்ப நடந்தாள். இரண்டு.

"கோதாரி" என்று வாய்விட்டுத் திட்டினாள்.

ஜொனதன் அறைக்குள் வேலைக்குப் போடும் சேட்டுகளைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தான். அவள் கதவடியில் நின்றாள்.

"இஞ்சருங்கோ."

"ம்."

"அது என்ரை பைதான். சிப்புத் தட்டித் திரும்புது. நீங்கள் தொடேல்லை."

அவன் மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "மூண்டு கிழமை" என்றான்.

"ஓம்."

"இணுவிலிலையிருந்து கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டனான். சனம் எனக்கு முதுகு பிடிச்சிருக்கெண்டு எண்ணெய் சொல்லித் தந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பிழை என்னிலைதான்."

"சின்னம்மாவுக்கு என்ன சொன்னனீர்?"

"சொன்னதை மாத்திச் சொல்லுறன்."

"எப்ப?"

அவன் பார்த்துக்கொண்டிருக்க அந்த இடத்திலேயே சின்னம்மாவுக்கு அழைத்துச் சொன்னாள். சின்னம்மா நல்லாய்ச் சிரித்தார். ஜொனதன் அடுத்த சேட்டை எடுத்து விரித்தான்.

அன்றிரவே தோள் வாரைக் குறுக்கிக் கமெராவை நெஞ்சுக்கு ஏற்றினாள். பையை இடப்பக்கம் மாற்றினாள். பூட்டுப் பட்டியலில் எல்லாவற்றையும் விடுவித்து, அந்த ஒரு சில்லுக்கு மட்டும் சரி போட்டாள்.

இனி மிச்சம் கரவெட்டி. அல்பம் செய்வதற்கு முன் படங்களைக் காட்டவேண்டும். ஒளிக்க மனம் வரவில்லை. அங்கே போய் மடிக்கணினியை விரித்து, கஜானிக்கும் அவள் தாய் ஞானாம்பிகைக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். "தாலி கட்டேக்கை எடுத்த ஏழும் பழுதாப் போச்சு. வெளிச்சத்தைக் குறைச்சுப் பாத்தனான், சரிவரேல்லை. இதுக்கு நான் காசு எடுக்கமாட்டன்."

ஞானாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூன்றாவது படத்தில் கை வைத்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு? பிள்ளை என்ன வெள்ளை! இதைப் பெரிசாப் போடுங்கோ. விறாந்தையிலை மாட்டலாம்."

நிமலினி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த ஏழு படத்துக்காக அவள் நித்திரை கொள்ளாமல் கிடந்திருக்கிறாள்.

"அம்மா, உது நானில்லை" என்றாள் கஜானி. "உதிலை எனக்கு மூக்கே இல்லை."

"மூக்கு என்னத்துக்கு? நிறம் வந்திருக்கு."

"என்ரை நிறம் எனக்குப் போதும். சின்னனிலையிருந்து மஞ்சளும் பாலாடையும் பூசினது காணும். அக்கா, அடுத்த படத்தைக் காட்டுங்கோ."

எட்டாவது படம் வந்தது. மாப்பிள்ளையின் கைகள் கழுத்திலிருந்து அப்போதுதான் விலகியிருந்தன. கஜானி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கூறையின் சிவப்புக்கு மேலே அவளுடைய கறுத்த முகம் வியர்த்து மின்னியது.

"இதுதான்" என்றாள் கஜானி. "பெரிசா இதைப் போடுங்கோ."

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். கஜானி பிடித்த பிடியை விடவில்லை. விறாந்தைக்கு எட்டாவதுதான் என்று முடிவாயிற்று. திரும்பி வரும்போது நிமலினிக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

அது பொழுதுபடும் வரைதான். அவள் தேத்தண்ணி குடித்த நேரம் பார்த்து, ஞானாம்பிகை மடிக்கணினித் திரையைத் தன் கைபேசியால் படம் பிடித்திருக்கிறார். அந்த மூக்கில்லாத வெள்ளைப் படம் வட்ஸ்அப்பில் ஏறி, கீழே நிமலினியின் பெயரும் நம்பரும் போட்டு, லண்டன் வரை போய்விட்டது. ஆறு மணிக்குள் இரண்டு பேர் அழைத்துவிட்டார்கள். மூன்றாவது அழைப்பை ஜொனதன்தான் எடுத்தான். கேட்டுவிட்டு, கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டான்.

"வடமராட்சியிலையிருந்து. மகளுக்கு ஆவணியிலை கல்யாணமாம். கஜானிக்கு எடுத்தமாதிரி வெள்ளையா எடுப்பீங்களோ எண்டு கேக்கினம்."

நிமலினி கைபேசியை வாங்கினாள்.

"அம்மா, அது பிழைச்ச படம்" என்று தொடங்கினாள். மறுமுனையில் அந்த அம்மா பிழைச்சாலும் பரவாயில்லை என்றார். நிமலினி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சில்லுக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.