ஆறரை மணி விளக்குகள்

மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் சோணையின் உயிர் போனது. எதிர்வீட்டு அழுகை கேட்டதும் தங்கப்பொண்ணு அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். செத்தது கூடப்பிறந்த அண்ணன். நடுவில் இருபதடித் தெரு. மூன்று வருடமாக அவள் அதைத் தாண்டவில்லை.

தன் மகள் பாண்டிமீனாவைத் தங்கை மகன் ராஜபாண்டிக்குக் கட்டிவைக்க ஆசைப்பட்டவன் சோணை. ராஜபாண்டியோ கூடப் படித்தவளைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டான். பணம் அனுப்பி இந்த வீட்டைக் கட்டினான். கொட்டாம்பட்டிப் பக்கம் அவர்கள் சனத்தில் முதல் மாடிவீடு. பால்காய்ப்புக்குத் தாய்மாமன் வரவில்லை. எதிரிலேயே இருந்துகொண்டு வரவில்லை.

நிலைப்படியில் கால் வைத்தவள் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, மணி எம்புட்டு?"

"ஆறு பதினாறு," என்றான் அவள் புருசன் சோலை.

"ஆறரைக்கு லைட்டு எரிஞ்சிரும். மகனுக்குப் போனப் போடுங்க."

மாடிக் கைப்பிடிச் சுவரைச் சுற்றி நாற்பது விளக்குகள். சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிமாறி ஓடும். நாலுவழிச் சாலையில் போகும் பஸ்ஸிலிருந்தே தெரியும். சுவிட்ச் கிடையாது. ராஜபாண்டியின் போனில் உள்ள ஆப்தான் எல்லாம். லீவில் வந்து மாட்டியபோது, "ஒரு சுவிச்சும் வச்சுக் குடுப்பா," என்று சோலை கேட்டான். "வச்சா கரண்டு பில்லுக்குப் பயந்து அமத்திப்புடுவீகப்பா," என்று மகன் சிரித்தான். தினமும் ஆறரைக்குத் தானாக எரியும்படி வைத்துவிட்டுப் போனான்.

ராஜபாண்டி எடுக்கவில்லை. மருமகள் நம்பருக்குப் போட்டதும் அவள் எடுத்தாள்.

"ஆப்பு அவரு போன்லதான் இருக்கு மாமா. நைட் ஷிப்டு. போன உள்ள விடமாட்டாங்க."

"மெயின எறக்குங்க," என்றாள் தங்கப்பொண்ணு.

சோலை இறக்கினான். காற்றாடி ஒரு சுற்றுத் தயங்கி, மறுபடி சுற்றியது. இன்வெர்ட்டர் மாடியில் மகனுடைய அறைக்குள் இருந்தது. அறை பூட்டியிருந்தது. சாவியை அவன் கொண்டுபோயிருந்தான்.

அதற்குள் எதிரே கூட்டம் சேர்ந்துவிட்டது. சோணையைக் கட்டிலோடு தூக்கிவந்து வாசலில் போட்டார்கள். தெருவில் சாவு விழுந்தால் மற்ற வீடுகளின் முகப்பில் விளக்கு எரியாது. வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஆறரைக்கு மாடி எரிந்தது.

சோணையின் முகம் சிவப்பானது. பிறகு நீலம். பிறகு பச்சை. அழுகை சட்டென்று நின்றது.

"ஏ சோலை, மச்சான் செத்ததுக்கு சீரியல் செட்டா?" பக்கத்து வீட்டுக் கருத்தக்கண்ணன் கத்தினான். "கொழா ரேடியோவையும் கட்டிரப்பா, கொறை எதுக்கு?"

சோலை தொரட்டிக் கம்போடு மாடிக்கு ஓடினான். அடித்தான். மூன்று விளக்குகள் உடைந்தன. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. கீழிருந்து பார்க்க அவன் ஆடுவதுபோல் இருந்தது.

தங்கப்பொண்ணு தெருவில் இறங்கினாள். முதுகில் வெளிச்சம் விழுந்தது. முகப்பில் இரண்டு பெரிய விளக்குகள் மட்டும் எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. திருப்பச் சொன்னவள் அவள்தான். "எதுத்த வீட்டுக்குத் தெரியணும்ல," என்று தெருவில் நின்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

சோணை ஆறு மாதம் படுத்துக்கிடந்த சன்னலில் இன்னும் ஒரு சாக்கு தொங்கியது. கண் கூசுகிறது என்று கட்டியது. சாக்கு ஏறிய அன்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் அவளைக் கட்டிப்பிடித்து அழவில்லை.

பாண்டிமீனா கட்டிலருகே குத்தவைத்திருந்தாள். வலது கையை விரித்து, வெளிச்சம் படாமல் அப்பன் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்திருந்தாள். விரல்கள் சிவந்தன, நீலமாயின.

"அண்ணே..." என்று தங்கப்பொண்ணு குனிந்தாள்.

பாண்டிமீனா கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் கண்ண மூடிவிட்டேன். எங்கப்பனுக்கு இன்னும் தெரியணுமா அத்தே?"