ரிப்பனுக்கு இந்தப் பக்கம் விதைக்கிழங்கு

பழைய பாலத்தை உடைத்தது யார் என்று கேட்டால் சண்டையிட்ட இரண்டு படைகளும் ஒன்றையொன்று கைகாட்டும். புதியதைக் கட்டியது யார் என்பதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமைதோறும் ஊர்கூடிச் செய்யும் பொதுவேலையில், லுபேரோ மலைக்காரர்கள் மரம் வெட்டிக் கல் சுமந்து எட்டே வாரத்தில் போட்ட பாலம் அது. திறந்துவைக்கத்தான் மாகாண அமைச்சர் தேவைப்பட்டார்.

விவசாயி கவுவோ வந்து சேர்ந்தபோது பாலத்தின் வாயில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பின்னால் வண்டிக்காரன் பலுகு, தன் சுகுடுவைத் தள்ளிக்கொண்டு. இரண்டு மரச்சக்கரம், ஒரு பலகை, ஒரு கைப்பிடி; பெட்ரோல் கேட்காத வண்டி. அதன்மேல் நாலு மூட்டை விதை உருளைக்கிழங்கு. அகதி முகாமில் இரண்டு பருவம் வீணாய்ப் போயிருந்தது. அக்கரையில் இருந்த நிலத்தில் இன்று நட்டால்தான் மழையைப் பிடிக்கலாம். முளைகளோ சாக்கைத் துளைத்து எட்டிப் பார்த்தன.

அந்தச் சாலையில் குறுக்கே எதைக் கட்டியிருந்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சந்தையிலிருந்து இதுவரை ஏழு கயிறு, ஏழு துப்பாக்கி, ஏழு நீட்டிய கை. கவுவோ வழக்கம்போல மூட்டையிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்து, ரிப்பன் ஓரம் நின்ற கோட்டுக்காரர் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது? நான் அமைச்சரோட வரவேற்பு அதிகாரி!"

"சரிங்கய்யா, வேணும்னா இன்னொண்ணு தர்றேன்."

"இது வசூல் கயிறு இல்ல. முன்னேற்றம்!"

"அப்போ முன்னேற்றத்தைக் கொஞ்சம் தூக்குங்க, குனிஞ்சு போயிடறோம்," என்றான் பலுகு.

"அமைச்சர் ரிப்பனை வெட்டாம ஒரு ஆடுகூடப் போகக்கூடாது. பத்து மணிக்கு வர்றார்."

"மணி ஒண்ணாச்சு. வழியில பாத்தோம்யா. நாலு ஜீப்பும் சேத்துல கெடக்கு. தள்ள ஆள் தேடுறாங்க," என்றான் பலுகு.

அதிகாரி பூட்ஸ் முனையால் பாலப் பலகையைத் தட்டிப் பார்ப்பதையும், சட்டென்று காலை இழுத்துக்கொள்வதையும் கவுவோ கவனித்தாள்.

"ஐயா, அமைச்சர் என்ன எடை இருப்பாரு?"

"என்ன கேள்வி இது!"

"இல்ல, இதுமேல இன்னும் பாரம் எதுவும் ஏறல. கட்டுனவங்களுக்குப் பயமில்ல. இருந்தாலும், அவ்வளவு பெரிய மனுசர்..."

"சோதிச்சுப் பார்க்கலையா?"

"எப்படிப் பாக்க? காலையிலேயே நீங்க ரிப்பனைக் கட்டிட்டீங்களே."

அமைச்சர் ஆற்றில் மிதப்பதும், தன் பதவி உயர்வு அவர் பின்னாலேயே மிதந்து போவதும் அதிகாரியின் கண்முன் வந்திருக்க வேண்டும். குடைக்காம்பால் ரிப்பனைத் தூக்கிப் பிடித்தார்.

"சோதனை மட்டும்தான்! திறப்பு இல்ல, புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. நாலு மூட்டையும் ஆடாமல் அசையாமல் அக்கரை சேர்ந்தன. "பாலத்துக்கு ரெண்டு பக்கம்யா, இங்கேருந்தும் பாக்கணும்!" என்று பலுகு கத்த, அக்கரையில் காத்திருந்த முட்டைக்கோசு வண்டிகளும் கரி வண்டிகளும் சோதனைக்குக் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் பாலத்து நடுவில் ஒருத்தி வாழைப்பழ வடை பொரிக்க உட்கார்ந்தாள். அதிகாரி அதையும் ஒன்று வாங்கிச் சோதித்தார்.

கடைசி வரிசைக்குக் கவுவோ குழி போட்டுக்கொண்டிருந்தபோது ஆற்றுப்பக்கம் மேளம் கேட்டது. பலுகு வெறும் வண்டியோடு வந்தான்.

"பாலத்தைத் திறந்துட்டாங்கக்கா. அமைச்சர் சுகுடுல வந்து இறங்கினாரு, முழங்கால் வரைக்கும் சேறு. சோதனைக் கூட்டத்தை விலக்கி ரிப்பனைத் தொடவே அரைமணி ஆச்சு."

"அப்படியா, நல்லது."

"அதிகாரி இதை உன்கிட்டக் குடுக்கச் சொன்னாரு." சட்டைப்பையிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்து நீட்டினான்.

கவுவோ திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடையவைதான், ஒரு முளைகூட ஒடியவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தக் கயிறும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

வரிசைக் கடைசியில் இன்னும் இரண்டு குழி தோண்டினாள்.