வெறும் போசி

மழை பொய்த்து ஊர்க்கிணற்றில் சேறு தெரிந்த எண்பத்து மூன்றாம் வருடம், கடத்தூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில் காலரா புகுந்தது. ஒரே வாரத்தில் ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மாதா கோயில் சமையற்கட்டில் கஞ்சி காய்ச்சி, படுத்துக் கிடப்பவர்களுக்கும் நாதியற்றவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ராயம்மாள் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டு தள்ளுவண்டியைத் தள்ளினாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பதினெட்டு வீடு, பதினெட்டு தூக்குப்போசி, அவ்வளவுதான். இன்னார் செத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது சுகாதார இன்ஸ்பெக்டரின் உத்தரவு. கஞ்சிப் போசியை வாசற்கல்லில் வைத்துவிட்டு முந்தின நாள் போசியை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

கடைசி வீடு தீர்த்தம்மாளுடையது. ஒரு கால் விளங்காதவள், ஒண்டிக்கட்டை. நோய் அவளை இன்னும் தொடவில்லை என்றாலும் வெளியே போய் எதையும் வாங்கிவர முடியாது. அவள் திருப்பி வைக்கும் போசி மட்டும் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு உருண்டை புளி, ஏதாவது ஒன்று உள்ளே கிடக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் அதுவும் ஒரு குடித்தனமா என்பது அவள் கட்சி. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, சீக்கு வந்த ஊரில் வீட்டுக்கு வீடு சாமான் வாங்கிக்கொண்டு திரிகிறாயா என்று ராயம்மாளைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

வாங்கிய வசவை ராயம்மாள் அப்படியே தீர்த்தம்மாள் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

"தீர்த்தக்கா, இனிமே போசியில எதாச்சும் வச்சீங்கன்னா கஞ்சி வராதுங்க."

தீர்த்தம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வெறும் போசியக் குடுத்தா நல்லாவா இருக்கும், ராயம்மா?"

"நல்லா இருக்குதோ இல்லையோ, வெறும் போசிதான் இருக்கணும்."

தீர்த்தம்மாள் கஞ்சிப் போசியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கல்லின் மேல் போசி காலியாக, கழுவிக் கவிழ்த்து இருந்தது. ராயம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். சத்தமில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும், கோபத்தில் யாரும் செத்துப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். அதற்கடுத்த நாளும் வெறும் போசி, சாத்திய கதவு. அதற்கடுத்த நாளும் அப்படியே. ராயம்மாள் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

நான்காம் நாள் வாசலிலேயே நாற்றம் வந்தது.

ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். உயிர் போய் இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். அப்படியானால் கஞ்சியைக் குடித்தது யார் என்று யாரும் கேட்பதற்குள் பக்கத்துக் குடிசைக்காரன் மாது தானாகவே வந்து நின்றான். கூலிக்காரன். காலரா ஊர்க்காரனை எவனும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் யாருக்கும் நோயில்லாததால் கஞ்சிப் பட்டியலிலும் பெயர் இல்லை.

"மூணு நாளா நான்தானுங்க எடுத்தேன். கஞ்சி பொழுதுக்கும் கல்லு மேலயே கெடந்துச்சு. மொரப்பூருல இருந்து தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். கழுவித்தான் வச்சேனுங்க."

ராயம்மாள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அந்தச் சாத்திய கதவு நினைவுக்கு வந்தது. வெறும் போசி இருந்த முதல் நாள் இவள் கூப்பிட்டபோது தீர்த்தம்மாள் உயிரோடுதான் கிடந்திருப்பாள், பதில் சொல்லத் தெம்பில்லாமல். அன்றைக்கே கதவை உடைத்திருந்தால் அரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இத்தனையும் தெரிந்தும் அழுகை வரவில்லை. வரவில்லையே என்றுதான் பயமாக இருந்தது.

உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வண்டியில் ஒரு போசி மீந்து நின்றது. ராயம்மாள் அதை மாதுவிடம் நீட்டினாள்.

"வேண்டாமுங்க."

"வூட்டுல எத்தன பேரு?"

"கைக்கொழந்தையோட அஞ்சு பேருங்க."

அது ஒரு ஆளுக்கு ஊற்றிய கஞ்சி. மூன்று நாளும் அதைத்தான் ஐந்து பேர் குடித்திருக்கிறார்கள். அவள் அவன் கையைப் பிடித்துப் போசியை அதில் மாட்டினாள்.

"நாளைக்கு நான் வந்து கூப்புடுவேன். அஞ்சு பேரும் வெளிய வந்து மொகத்தக் காட்டணும். காட்டுனாத்தான் கஞ்சி."