டின்னில் கிடந்த தோல்

தகர டின்னை யாரோ தடியால் அடிக்கிற சத்தம் தெருக்கோடியில் கேட்டது. பிறகு அதற்கடுத்த வீட்டில். பிறகு அதற்கும் அடுத்த வீட்டில். விடிந்தும் விடியாததுமாகச் சோதனை வந்துவிட்டது.

ருக்மணி பாயிலிருந்து எழுந்தாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு காஜா பெராங் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஒரு மண்ணெண்ணெய் டின் வைத்தாக வேண்டும். சமையல் கழிவெல்லாம் அதற்குள். அடுத்த வீட்டுப் பொன்னம்மா காலையில் வந்து அள்ளிப்போய் வாத்துகளுக்குப் போடுவாள். முட்டை ஜப்பானிய முகாமுக்கு.

வட்டாரத் தலைவர் பொன்னுதுரைக்கோ அந்த டின் வேறொன்றுக்கும் பயன்பட்டது. அரிசிக் கார்டில் எத்தனை பேர், டின்னில் எவ்வளவு கழிவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு வீட்டு டின் ஒரு வாரமாகக் காலியாகவே இருந்தது. தோலைக்கூட விடாமல் தின்ன அங்கே ஒரு வாய் கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒளிந்திருந்தவனைச் சிப்பாய்கள் இழுத்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை.

ருக்மணியின் கார்டில் இரண்டு பேர். அவளும் ஐந்து வயதுச் சீதாவும். அடுப்புக்கு மேலே பரணில், சாக்குகளுக்குப் பின்னால், அவள் கணவன் தியாகு படுத்திருந்தான். சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து தப்பி வந்து பதினேழு நாளாகிறது.

அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். ஊரில் ஊபி என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கின் மேல்தோலை மட்டும் சுரண்டிவிட்டு, உள்பட்டையை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து வேகவைப்பாள். கீரைத்தண்டு, வாழைக்காய்த் தோல் எதையும் எறிவதில்லை. ஆனால் தினமும் ஒரு பிடிப் பட்டையை டின்னுக்கென்று ஒதுக்கிவிடுவாள். நேற்று தியாகுவுக்குக் காய்ச்சல் விட்டுப் பசி எடுத்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டான். அந்த ஒரு பிடியையும் வேகவைத்துக் கொடுத்துவிட்டாள்.

டின் காலி.

பரணை நிமிர்ந்து பார்க்காமல், சீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். பொன்னுதுரை வந்துவிட்டார். பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"ரெண்டு பேருதானே?"

"ஆமாங்க தலைவரே."

தடியால் மூடியைத் தள்ளினார். ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா இது, ராஜா வீட்டுச் சமையலா?"

கண்ணைத் திறந்தாள். டின்னில் பாதிக்கு மரவள்ளித் தோல் கிடந்தது. கிழங்கோடு சேர்த்துத் தடித்தடியாகச் சீவிய தோல். அவள் வீட்டுத் தோல் இல்லை.

"ஊரே அரை வயிறு. நீ விரல் தடிமனுக்கு ஊபியச் சீவி எறியிற. கத்தி புடிக்கத் தெரியாதா?" சொன்னவர் நிறுத்தினார். குரல் மாறியது. "ரெண்டு பேருக்கு இவ்வளவு தோலா? எத்தன கிழங்கு உரிச்ச?"

காலியாக இருந்தாலும் ஆபத்து, நிறைந்திருந்தாலும் ஆபத்து.

"கறுப்பு ஓடின கிழங்கு தலைவரே. அழுத்திச் சீவலன்னா கசக்குது."

அவர் சீதாவிடம் குனிந்தார். "பாப்பா, நேத்து என்ன சாப்பிட்ட?"

"ஊபி."

"தோலையும் தின்னியா?"

சீதா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எச்சில் விழுங்குவது ருக்மணிக்குத் தெரிந்தது.

"தோலு வாத்துக்கு," என்றாள் சீதா. பதினேழு நாளாகச் சொல்லிக்கொடுத்த பதில்.

பொன்னுதுரை டின்னை ஒரு தட்டுத் தட்டினார். "மெல்லிசாச் சீவக் கத்துக்க." சிப்பாயோடு அடுத்த சந்துக்குள் போனார்.

ருக்மணிக்கு மூச்சு வந்தது. உடனே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. தோலைப் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. யார்?

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பொன்னம்மா வாளியோடு வந்தாள். தியாகுவை ஏற்றிய அதே லாரியில்தான் அவள் மகன் ஜெயபாலனையும் சயாமுக்குக் கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை. தினமும் முட்டையோடு முகாமுக்குப் போகிறவள். தன் பிள்ளை வராதபோது அடுத்த வீட்டு ஆள் திரும்பி வந்ததை எந்தத் தாய் பொறுப்பாள்? முகாமில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அக்கா," என்றாள் ருக்மணி. "இது எங்க வீட்டுத் தோலு இல்ல."

"எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் மூடியத் தொறந்து பாத்தேன். காலி." பொன்னம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழங்கு ஒட்டியிருந்த துண்டுகளைப் பொறுக்கினாள். ருக்மணியின் முந்தானையை இழுத்து அதில் போட்டாள். "கழுவி ஊற வை. கிழங்கு இருக்கட்டுமுன்னுதான் தடியாச் சீவினேன்."

"வாத்துக்கு வேணாமா?"

"வாத்து என்ன நான் பெத்த புள்ளையா?"

வாளியைத் தூக்கியவள் போகவில்லை. கூரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தியாகுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு ருக்மணி, எங்க ஜெயபாலன அங்க உசுரோட பாத்தானா?"