வெறும் வயிற்றில் எவ்வளவு?

அப்பாவின் வலது காலின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிட்டு, இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் மகள். குதிகாலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அத்தை அவள் தோளைத் தொட்டாள்.

"என்னம்மா தேடுற?"

"புண்ணு ஏதாவது இருக்கான்னு..." என்றவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அப்பாவின் காலை மெதுவாக இறக்கி, போர்வையை இழுத்துவிட்டாள்.

காலையில் நடந்துவிட்டு வந்தவர், ஷூவைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே சாய்ந்துவிட்டார். வந்து பார்த்த டாக்டர், மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார். மேசையில் கிடந்த சோதனைச் சீட்டுகளைப் புரட்டியவர், "சுகரை ரொம்ப நல்லா வெச்சிருந்திருக்காரு. இந்த வயசுல யாரு இவ்வளவு பாத்துக்கிறா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் சர்க்கரைதான். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண். ஆறிவிடும் ஆறிவிடும் என்று விட்டதில், காலை எடுத்தும் ஆள் தங்கவில்லை. மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், பெற்றவளின் பாதத்தை ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை. அப்பாவுக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

தட்டில் சோறு பாதியாகி, காய் இரண்டு மடங்கானது. சாப்பிட்ட கையோடு கட்டிலைத் தேடுகிற பஸ் டிரைவரான அப்பா, தெருவைச் சுற்றி வரப் பழகினார். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டார். தினமும் காலையில் கடையிலிருந்து போன் செய்வாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"வெறும் வயித்துல எவ்வளவுப்பா?"

சொல்வார். கால் பார்த்தாரா, நடந்தாரா என்று கேட்பாள். அதற்கும் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு. மனுஷர் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

வாசலில் திடீரென்று சிரிப்புச் சத்தம். அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து வெளியே வந்தாள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் கப்சிப். நடுவில் இருந்த கண்டக்டர், அப்பாவோடு தினமும் நடக்கப் போகிறவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காத பாப்பா. உங்கப்பா பேசின பேச்சு ஞாபகம் வந்துடுச்சு."

"என்ன பேச்சு?"

அவர் தயங்கினார். "ஒருத்தர் பஸ்ல தூங்கிட்டாரு. கடைசி ஸ்டாப்புல முழிச்சுக்கிட்டு, ஏன்யா எழுப்பலன்னு உங்கப்பாகிட்ட ஒரே சண்டை. உங்கப்பா திரும்பி, 'நீங்க தூங்கினீங்க சரி, நானும் தூங்கலையேன்னு சந்தோஷப்படுங்க சார்'னாரு."

அடக்குவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாவா அப்படிச் சொன்னாரு?"

"தினம் இப்படி ஏதாவது சொல்வாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு நடக்கவே முடியாது."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே மாமா."

கண்டக்டர் துண்டை மடித்தார், பிரித்தார்.

"'பாப்பா போன் பண்ணும், மார்க்கு கொறையக் கூடாது'ன்னு என்னை விட்டுட்டு முன்னால போயிடுவாரு. மார்க்கு நல்லா வந்துட்டா அன்னிக்கு அவரைக் கையில புடிக்க முடியாது."

நேற்றுக்கூட நல்ல மார்க்குதான். நூற்றிப்பத்து. சொன்ன கையோடு, "பாப்பா, ஒரு கூத்து நடந்துச்சு கேளு" என்று அப்பா ஆரம்பித்தார். குரலிலேயே சிரிப்பு இருந்தது. கடையில் கூட்டம் நெருக்கியது. "அப்புறம் கேக்கறேம்பா. கால் பாத்தீங்களா?" என்றாள். "ம், பாத்தேன்" என்றார். "சரி, வெச்சிடறேன்."

அவள் கண்டக்டரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஏதோ கூத்து நடந்துச்சுன்னு நேத்து சொல்ல வந்தாரு. என்னது அது?"

"கூத்தா?" அவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். "எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா. உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வெச்சிருந்தாரோ என்னமோ."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். உள்ளிருந்து அத்தை கூப்பிட்டாள். மகள் எழுந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை.

தெருமுனையில் பஸ் ஒன்று திரும்பியது. வாசலில் நாற்காலிகளைக் கண்டதும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தார். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியவர் கையை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். சத்தம் வெளியே கேட்கவில்லை. பஸ் கடந்து போகும்வரை அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.