வளராத மூலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பட்டறையின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி முதலாளி. அவருக்கு வலப்பக்கம், கைப்பிடி உடையாத ஒரே நாற்காலியில், எதிர்த்தெருவின் பதினான்கு மாடிக் கட்டடத்து மேற்பார்வையாளர். கதவோரம் முக்காலியில், வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர், கையுறைகள் மடியில்; பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். நாற்காலி போதாததால் கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் என் தங்கையின் கணவர். நான் கணினிக்கு முன்னால், பாதி திரும்பியபடி.

மேசை நடுவில் ஓர் இரும்புத் தகடு கிடந்தது. இதைப் போல இன்னும் எட்டு, அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தன. வெளிக்கண்ணாடி துடைக்கும் தொங்குமேடையைத் தாங்குவது அவைதான். ஒவ்வொன்றின் நடுவிலும் சதுர ஓட்டை. அதற்குள் உத்திரம் நுழையும். மேசையிலிருந்தது கூடுதலாக வெட்டிய ஒன்பதாவது; வெள்ளிக்கிழமை மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டுச் சோதித்துவிட்டு, மாதிரிக்காகக் கழற்றிக் கொண்டுவந்தது. மேடையில் நிற்கப் போகிறவர் வாளியின் மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை.

"எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு கடிதம் வேணும்," என்றார் மேற்பார்வையாளர். "கையெழுத்து, முத்திரை ரெண்டும் இருக்கணும். போன தடவை யாரோ போன்ல சொன்னாங்கன்னு வேலைய நிறுத்தி, அப்புறம் சொன்ன ஆளே இல்லன்னு ஆயிடுச்சு. இனிமே வாய்ப்பேச்சு செல்லாது."

மாப்பிள்ளை தகட்டை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றினார். "என்ன மச்சான், மூலையெல்லாம் இவ்வளவு கூரா இருக்கு? வெங்காயம் நறுக்கலாம் போல."

"எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. வீட்ல அந்த வேலை உங்களுதுதானே," என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரைப்பக்கம் திரும்பினேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் கணினி பழையது. முழு அளவில் வரைந்தால் திணறும். அதனால் எதையும் பத்தில் ஒரு பங்காக வரைந்து, கடைசியில் பத்து மடங்கு பெரிதாக்குவது என் வழக்கம். அந்த மென்பொருளில் சதுரத்தின் மூலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைப் பிடித்து உள்ளே இழுத்தால் மூலை வளைந்துகொடுக்கும். எவ்வளவு வளைவு என்று பக்கத்தில் ஓர் எண் தெரியும். ஆறு மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் நான் கணக்குப்படி பூஜ்யம் புள்ளி ஆறு வைத்திருந்தேன். பெரிதாக்கும்போது மூலைகளும் கூடவே வளர வேண்டுமா என்று கேட்கும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அதில் எப்போதும் டிக் இருக்கும். அந்த வாரம் ஒரு கடைக்குப் பலகைகள் வரைந்தேன். அளவுகள் வேறு, மூலை மட்டும் ஒரே மாதிரி வேண்டும் என்றார்கள். டிக்கை எடுத்தேன். திரும்பப் போட மறந்தேன். தகடு பத்து மடங்கு வளர்ந்தது, மூலை வளரவில்லை.

இரும்பில் மூலை வளைந்திருந்தால் பாரம் அதைச் சுற்றிப் போய்விடும். கூராக இருந்தால் அங்கேயே குவியும். விரிசல் பிறப்பது அங்கேதான்.

வந்தவர்கள் போனதும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆள் ஏறுறது புதன்கிழமை. திங்கள்கிழமை புதுசா எட்டு வெட்டு. செவ்வாய்க்கிழமை சத்தமில்லாம மாத்திடலாம். இப்ப அந்தக் கடிதத்த எழுது."

பட்டறைக் கடிதங்களை எல்லாம் எழுதுவது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். 'தகடுகள் யாவும் வரைபடப்படி உள்ளன' என்று எழுதினேன். அது பொய்யில்லை. வரைபடமே அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போனில் பேசினாள். "அண்ணா, நீ வரைஞ்சதுல இவர் நிக்கப் போறாராம். தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியறார். என்னவோ தேர்தல்ல நிக்கப் போற மாதிரி."

புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, "பத்திரமா இருக்கச் சொல்லு," என்றேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு, நான் விஷயத்தைச் சொன்னதும், அண்ணன் அந்த மாதிரித் தகட்டில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டார். பிறகு துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைப் பொடித்து ஓட்டையைச் சுற்றிப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுக்கும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இடது மேல் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு.

"முடிதான் ஒட்டியிருக்கும்," என்றேன். ஊதினேன். போகவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, ஒரு விரல் நீளத்துக்கு வந்தது.

"ஒரே ஒரு தடவ மணல் மூட்டை தூக்கினதுக்கே இப்படியா?" என்றார் அண்ணன்.

ஒன்பது ஐந்துக்கு மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னைக்கே ஏறச் சொல்லிட்டாங்க மச்சான். ஒன்பதரைக்கு ஜன்னல்ல நில்லுங்க, கை காட்டறேன்.'

உடனே அழைத்தேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மேலே ஏறுகிறவர்கள் கையில் எதுவும் இருக்கக்கூடாது. போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மேற்பார்வையாளரை அழைத்தேன்.

"சார், அந்தத் தகடு விரியுது. யாரையும் ஏத்தாதீங்க."

"எல்லாம் சரின்னு சனிக்கிழமை நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? உங்க எழுத்துதானே அது?"

"என் எழுத்துதான் சார்."

"அப்ப இதையும் எழுதிக் கொடுங்க. முத்திரையோட." வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

தாளை எடுத்தேன். வரி ஒன்றும் கோணவில்லை. ஒன்று: மூலை வளைவு ஆறு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, பூஜ்யம் புள்ளி ஆறுதான் இருக்கிறது. இரண்டு: சோதித்த தகட்டில் விரிசல் கண்டிருக்கிறது. மூன்று: பிழை என்னுடையது, சனிக்கிழமைக் கடிதம் எழுதும்போதே எனக்கு இது தெரியும். நான்கு: மேடையை உடனே நிறுத்தவும்.

முத்திரை முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தது. அப்போதுதான் உள்ளே வந்த அவர் நின்றவாக்கிலேயே கடிதத்தைப் படித்தார்.

"மூணாவத எடுத்துடு. இது வெளிய போனா நீயும் இருக்க மாட்ட, பட்டறையும் இருக்காது."

அண்ணன் தகட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். முதலாளி கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம் அதில் மாட்டியது. சட்டைப்பையிலிருந்து இழுப்பறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

மூன்றாவதை நான் எடுக்கவில்லை. முத்திரை வைத்தேன். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். மணி ஒன்பது இருபத்திரண்டு.

"நீ போன விடாம அடிச்சுட்டே இரு," என்று உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அண்ணன் வண்டியைக் கிளப்பினார்; அந்தக் கட்டட வாசலுக்கு முனையைச் சுற்றித்தான் போக முடியும். முனைச் சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அவர் நிற்கவில்லை.

மேற்பார்வையாளருக்கு மறுபடி மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வந்தேன். கண்ணாடிச் சுவரின் அடியில் மேடை ஓர் ஆரஞ்சுச் செவ்வகமாகத் தெரிந்தது. அதில் ஒருவர் கையை உயர்த்தி அசைத்தார். நான் இரு கைகளையும் குறுக்கே வீசி, வேண்டாம், வேண்டாம் என்று காட்டினேன். அவர் இன்னும் உற்சாகமாக, இரு கைகளையும் வீசினார்.

செவ்வகம் மேலே நகரத் தொடங்கியது.